களத்தில் வென்று படிவத்தில் தோற்பதா?

1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்ற கே.டி. ஜாதவ், விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைக் கொண்டுவந்தவர். பயணச் செலவுக்குப் பணமின்றி அவர் ஊர் ஊராகத் திரட்டிக் கொண்டிருந்தபோது, கோலாப்பூரில் அவர் படித்த ராஜாராம் கல்லூரியின் முதல்வர் தம் வீட்டை 7,000 ரூபாய்க்கு அடமானம் வைத்துக் கொடுத்தார். மல்யுத்த வீரர் ஒருவருக்குக் கல்லூரி செய்த உதவியில் இதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்வது கடினம்.

இன்று எந்த முதல்வரும் வீட்டை அடமானம் வைக்க வேண்டியதில்லை. விளையாட்டு வீரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. கட்டணச் சலுகை உண்டு. மத்திய அரசின் உதவித்தொகையும் உண்டு. ஆனால், ஜாதவுக்கு அன்று தேவைப்படாத ஒன்று இன்றைய மாணவருக்குத் தேவைப்படுகிறது. அது காகிதம். எந்தப் போட்டி, யார் நடத்தியது, யார் கையொப்பமிட்டது, எந்தப் படிவம் என்ற கேள்விகளுக்கு அந்தக் காகிதம் விடை சொல்ல வேண்டும்.

காரைக்கால் மாவட்டம் திருமலைராயன்பட்டினம் கொம்யூனைச் சேர்ந்த போலகம் போன்ற ஊர்களில் கபடிக்கும் சிலம்பத்துக்கும் இருக்கும் செல்வாக்கு மல்யுத்தத்துக்கு இல்லை. ஆமூர் மல்லனை வீழ்த்திய சோழர்குடிக் கிள்ளியைப் பற்றிப் புறநானூற்றில் பாட்டு இருக்கிறது என்று நாம் பெருமை பேசலாம். மேட் விரித்துப் பயிற்சி தரும் இடம் எத்தனை என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். இருந்தாலும், பள்ளிப் போட்டிகளின் வழியே இந்த விளையாட்டுக்குள் வந்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பையன் பதக்கம் வாங்கியிருக்கிறான் சார், காலேஜில் இலவசமா இடம் கிடைக்குமா?"

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இடம் வேறு, பணம் வேறு. அரசுக் கலந்தாய்வில் உள்ள விளையாட்டு ஒதுக்கீடு இடத்தைத் தருகிறது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதில்லை. தனியார் பல்கலைக்கழகங்கள் தரும் விளையாட்டு உதவித்தொகை கட்டணத்தைக் குறைக்கிறது. அது அரசின் ஒதுக்கீடு அன்று, நிர்வாகத்தின் விருப்பம். முதலாவதற்குச் சட்டமும் விதியும் உண்டு. மறுத்தால் கேட்க முடியும். இரண்டாவதற்கு ஒப்பந்தம் மட்டுமே உண்டு. இந்த வேறுபாடு தெரியாமல் ஒதுக்கீட்டில் இடம் வாங்கிவிட்டு, கட்டணச் சீட்டைப் பார்த்துத் திகைத்து நிற்கும் குடும்பங்கள் உண்டு.

முதலில் காகிதத்தைப் பார்ப்போம். மத்தியப் பணியாளர் துறை 1980 ஆகஸ்டில் வெளியிட்ட ஆணையொன்று, விளையாட்டு வீரர்களை அரசுப் பணியில் சேர்ப்பதற்காகச் சில சான்றிதழ்ப் படிவங்களை வகுத்தது. வேலைக்காக எழுதப்பட்ட அந்தப் படிவங்களே பின்னாளில் கல்லூரிச் சேர்க்கைக்கும் அளவுகோலாயின. நாட்டுக்காகப் பன்னாட்டுப் போட்டியில் ஆடியவருக்கு முதல் படிவம். மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவருக்கு இரண்டாவது. பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு மூன்றாவது. மாநிலப் பள்ளிகள் அணிக்காகத் தேசியப் பள்ளி விளையாட்டுகளில் ஆடியவருக்கு நான்காவது. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவருக்கு இரண்டாவதும் நான்காவதும்தான் எட்டக்கூடியவை. இரண்டாவதில் மாநிலச் சங்கத்தின் செயலரும், நான்காவதில் பள்ளிக் கல்வி இயக்ககத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரியும் தாமே கையொப்பமிட வேண்டும். 'அவருக்காக' என்று வேறொருவர் இட்ட கையொப்பம் செல்லாது.

பொன்வண்ண எழுத்தில் அச்சிட்டுச் சட்டமிட்டு மாட்டிய சான்றிதழ்கள் பலவற்றுக்கு இந்தக் கணக்கில் மதிப்பில்லை. திருவிழாக் குஸ்தியில் வென்றதற்கும், 'அகில இந்திய' என்று தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொண்ட ஏதோ ஓர் அமைப்பின் போட்டியில் வென்றதற்கும் கலந்தாய்வு மேசையில் கிடைப்பது ஒரு புன்னகை மட்டுமே. பணம் வாங்கிக்கொண்டு பதக்கம் வழங்கும் அமைப்புகள் எல்லா விளையாட்டிலும் இருக்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட சங்கமா என்று விசாரிக்காமல் நுழைவுக்கட்டணம் செலுத்தும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். அதை முதலில் விசாரித்துச் சொல்ல வேண்டியவர்கள் பள்ளியில் இருக்கிறார்கள்.

அங்கீகாரம் பெற்ற அமைப்பே ஒரு நாள் அங்கீகாரம் இழந்துவிட்டால்? மல்யுத்தத்தில் இது கற்பனை அன்று. 2023 டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகம் இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம் 15, 20 வயதுக்குட்பட்டோருக்கான தேசியப் போட்டிகளை உத்தரப் பிரதேசத்தின் கோண்டாவில் அவசர அவசரமாக அறிவித்தது அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. அந்த வயதுப் பிரிவில் கடைசி ஆண்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஓராண்டு வீணாகிவிடும் என்பது கூட்டமைப்பு தரப்பின் வாதம். பின்னர் 2024 தொடக்கத்தில் ஒரே பருவத்தில் புணேயில் ஒன்றும் ஜெய்ப்பூரில் ஒன்றுமாக இரண்டு தேசியப் போட்டிகள் நடந்தன. இடைநீக்கத்தில் இருந்த கூட்டமைப்பு புணேயில் நடத்தும் போட்டியின் சான்றிதழ்கள் அரசு வேலைக்கோ விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கைக்கோ செல்லாது என்று அமைச்சகம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. இடைநீக்கம் விலக்கப்பட்டது 2025 மார்ச்சில்தான். பெரியவர்களின் நாற்காலிச் சண்டை தில்லியில் நடந்தது. அதன் விலையைக் கொடுத்தவர்களில் எந்த ஊருக்குப் போவது என்று புரியாமல் நின்ற பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. ஒரே சங்கத்தின் சான்றை மட்டும் நம்பியிராமல், பள்ளி வழிப் போட்டியிலும் பங்கேற்று நான்காவது படிவத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டு வழிகளின் கையொப்ப அதிகாரிகளும் வேறு வேறு.

இனி, போலகத்துக்கே உரிய சிக்கல். இந்த ஊரைச் சுற்றி நிலமெங்கும் தமிழ்நாடு. வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர். பேச்சும் பாடமும் பழக்கமும் ஒன்றே. ஆனால், விளையாட்டுக் கணக்கில் போலகத்துப் பிள்ளை புதுச்சேரிப் பிள்ளை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கெனத் தமிழ்நாடு ஒதுக்கும் 500 இடங்களும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளும் ஊக்கத் திட்டங்களும் தமிழ்நாட்டவருக்கானவை. நாகூரில் பயிற்சி பெறலாம். நாகப்பட்டினம் மாவட்ட அணியின் பெயரில் ஆடிவிட்டுப் புதுச்சேரியில் ஒதுக்கீடு கேட்க முடியாது. எந்த மாநிலத்துக்காக ஆடுவது என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே முடிவு செய்துவிட வேண்டும். உறவினர் வீட்டில் தங்கி எல்லைக்கு அப்பால் படிக்கும் பிள்ளைகளுக்கு இது மிகவும் முக்கியம்.

இதில் ஓர் அனுகூலமும் இருக்கிறது. தேசியப் போட்டிகளில் புதுச்சேரி தனி அணி. ஹரியாணாவில் ஓர் எடைப் பிரிவில் மாநில அணிக்குள் நுழைய நூற்றுக்கணக்கானோரை முந்த வேண்டியிருக்கும். சிறிய ஒன்றியப் பிரதேசத்தில், அதிலும் மல்யுத்தத்தில், அந்த வரிசை மிகக் குட்டையானது. பெண்கள் பிரிவில் இன்னும் குட்டை. தேசியப் போட்டியில் ஆடினார் என்ற சான்றைப் பெறும் வாய்ப்பு இங்கே ஒப்பீட்டளவில் அதிகம். ஆனால், தேர்வுப்போட்டி புதுச்சேரியில் நடந்தால் 130 கிலோமீட்டருக்கும் அதிகமாகப் பேருந்தில் செல்ல வேண்டும். சான்றிதழில் கையொப்பம் வாங்கவும் அதே பயணம். முதல் நாள் எடை பார்ப்பு, மறுநாள் போட்டி என்றால் தங்கும் செலவு வேறு. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது சிறு தொகை அன்று. காரைக்காலிலேயே ஆண்டுக்கு ஒரு முறை ஓர் அதிகாரி வந்தமர்ந்து இந்தச் சான்றிதழ்களில் கையொப்பமிட்டால் என்ன குறைந்துவிடும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

குட்டையான வரிசையை நம்பி ஏமாறவும் கூடாது. புதுச்சேரியின் தொழிற்கல்வி இடங்களை நிரப்பும் சென்டாக்கில் விளையாட்டு வீரர்களுக்கான சிறப்புப் பிரிவு உண்டு. காரைக்கால் பகுதிக்கெனத் தனி ஒதுக்கீடும் உண்டு. அங்கே சான்றிதழே பேசும். தில்லி பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்கும் கலைத்திறனுக்கும் சேர்த்து 5 விழுக்காட்டுக்கு மிகாமல் கூடுதல் இடங்கள் உண்டு. பொது நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும், சான்றிதழும் காட்ட வேண்டும், நேரடித் திறன் தேர்விலும் இறங்க வேண்டும். ஹரியாணாவின் அகாடாக்களில் ஆறு வயதில் மண்ணில் இறங்கியவர்களோடு அந்த மேட்டில் மோதும்போது, ஆள் இல்லாத எடைப் பிரிவில் வாங்கிய பதக்கத்தின் உண்மை அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் விளையாட்டுத் திறனுக்கெனப் பாடப்பிரிவுக்கு இரண்டு கூடுதல் இடங்கள் தருகிறது. அங்கும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தகுதிப் பட்டியலில் பெயர் இருந்தாக வேண்டும்; அவர்கள் பட்டியலிட்ட விளையாட்டாகவும் இருக்க வேண்டும். திருவேட்டக்குடியில் இருக்கும் என்.ஐ.டி. நம் மாவட்டத்திலேயே இருந்தாலும் அதன் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீடு இல்லை.

தனியார் பல்கலைக்கழகங்கள் ஏன் வீரர்களுக்கு இலவச இடம் தருகின்றன? கருணையினால் அன்று. அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளிலும், கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளிலும் பெறும் வெற்றிகள் 1956-57 முதல் வழங்கப்படும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பைக்குப் புள்ளிகளாகின்றன. கோப்பை விளம்பரமாகிறது; விளம்பரம் மாணவர் சேர்க்கையாகிறது. மல்யுத்தம் இங்கே ஒரு வசதி. ஃப்ரீஸ்டைல், கிரேக்க-ரோமன், பெண்கள் பிரிவு ஒவ்வொன்றிலும் பத்து எடைப் பிரிவுகள் வரை இருப்பதால் பதக்கங்கள் ஏராளம். எனவே, விண்ணப்பிக்கும் மாணவர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பள்ளியில் வென்ற பதக்கத்துக்கான பரிசாக எவரும் இடம் தருவதில்லை. வரப்போகும் மூன்று, நான்கு ஆண்டு உழைப்புக்கான முன்பணம் அது. உடற்கல்வி இயக்குநருக்கு எழுதும் கடிதத்தில் பழைய வெற்றிகளின் நீண்ட பட்டியலைவிட, வயது, எடைப் பிரிவு, எந்தப் பாணி, கடந்த மூன்றாண்டுப் போட்டிகள், ஒரு முழுப் போட்டியின் காணொளி ஆகியவை அதிகம் உதவும்.

முன்பணம் என்பதால் நிபந்தனைகளும் உண்டு. காயம்பட்டால் சலுகை தொடருமா? கல்விக்கட்டணம் மட்டுமா, விடுதியும் உணவும் சேர்ந்தா? ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமா? இடையில் விலகினால் தந்த சலுகையைத் திருப்பிக் கேட்பார்களா? இவற்றை வாய்மொழியாகக் கேட்டு வாய்மொழியாகவே பதில் பெற்று வருகிறவர்கள் அதிகம். முழங்காலும் தோள்பட்டையும் மல்யுத்தத்தில் எளிதில் போகக்கூடியவை என்பதால் முதல் கேள்விக்கான விடையை எழுத்தில் வாங்காமல் சேர வேண்டாம்.

இந்த அமைப்பு மிகவும் முதிர்ந்த அமெரிக்காவிலும் நிலைமை அவ்வளவு இனிமையானதன்று. அங்கே கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் ஒரு மல்யுத்த அணி தரக்கூடிய முழு உதவித்தொகைகளின் உச்சவரம்பு நெடுங்காலம் 9.9 ஆக இருந்தது. முப்பது பேர் கொண்ட அணிக்குள் அதை அரையாகவும் காலாகவும் பிய்த்துக் கொடுத்தார்கள். 2025-இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு, அதை ஏற்ற கல்லூரிகளில் அந்த வரம்பு நீங்கி, அணியின் எண்ணிக்கைக்கு வரம்பு வந்திருக்கிறது, மல்யுத்தத்துக்கு 30. ஹார்வர்டு, பிரின்ஸ்டன் உள்ளிட்ட ஐவி லீக் பல்கலைக்கழகங்களோ விளையாட்டுக்கென்று உதவித்தொகை தருவதே இல்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் தருகின்றன. முழுச் செலவையும் விளையாட்டே சுமக்கும் என்று நம்பி அங்கே செல்லும் அமெரிக்கப் பிள்ளைகளே குறைவு.

ஆகவே, விளையாட்டுப் பணத்தோடு மற்றப் பணத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சென்டாக் வழியே சேரும் புதுச்சேரி மாணவர்களுக்குப் பெருந்தலைவர் காமராஜர் பெயரிலான நிதியுதவித் திட்டம் இருக்கிறது. பட்டியலின மாணவர்களுக்கு மேல்நிலைக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகிறவருக்கு மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுக்குக் கிடைக்கிறது. அதற்கான தேர்வு கல்லூரிக்குப் பிறகு அன்று, பள்ளிப் பருவத்திலேயே நடக்கிறது. மல்யுத்தப் பிள்ளை என்பதால் இவற்றுக்கு விண்ணப்பிக்காமல் விட்டுவிடுவது வேடிக்கையான நஷ்டம்.

வயதும் எடையும் பற்றிச் சிறிது. பாரீஸில் 2024-இல் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் வினேஷ் போகட் ஒலிம்பிக் இறுதிப் போட்டியை இழந்ததை நாடே பார்த்தது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு எடை ஏறத்தான் செய்யும். பழைய பிரிவில் நீடிப்பதற்காகப் பட்டினி கிடந்து பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை எழுதவைக்கும் பயிற்சியாளரிடமிருந்து பிள்ளையை மீட்டுக்கொள்ளுங்கள். வயதைக் குறைத்துக் காட்டச் சொல்பவரிடமிருந்தும்தான். போலிப் பிறப்புச் சான்றிதழ் கொடுத்ததற்காக 2025-இல் மல்யுத்தக் கூட்டமைப்பு 11 பேரை இடைநீக்கம் செய்தது. பிறப்புச் சான்று, ஆதார், பள்ளி மாற்றுச் சான்று, போட்டிச் சான்று ஆகிய நான்கிலும் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கட்டும். ஓரிடத்தில் 'முகமது', இன்னோரிடத்தில் 'முஹம்மது' என்று இருந்தாலே கலந்தாய்வு நாளில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓட வேண்டியிருக்கும்.

தேசியப் போட்டி முடிந்து அணி ஊர் திரும்பிய வாரத்திலேயே படிவத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அப்போது அணி மேலாளருக்குப் பிள்ளையின் முகம் நினைவிருக்கும். பங்கேற்றோர் பட்டியல் அவர் பையிலேயே இருக்கும். அடுத்த ஜூனில் போனால் மேலாளர் மாற்றலாகியிருப்பார், கோப்பு வேறு அறையில் இருக்கும், சென்டாக் விண்ணப்பத்துக்கு நான்கு நாள்கள் மீதமிருக்கும்.