ஊசித்துளையில் ஒரு காமிரா

மரநிழலில் நிற்கும்போது தரையைக் கவனித்திருக்கிறீர்களா? இலைகளுக்கு நடுவேயுள்ள இடுக்குகள் கோணல்மாணலானவை. ஆயினும் அவற்றின் வழியே விழும் வெளிச்சப் பொட்டுகள் பெரும்பாலும் வட்டமாகவே இருக்கின்றன. ஏன்? அவை இடுக்குகளின் வடிவங்கள் அல்ல, சூரியனின் பிம்பங்கள். 2019 டிசம்பர் 26-ஆம் நாள் கங்கண சூரிய கிரகணத்தின்போது கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரங்களில், வானம் தெளிந்திருந்த இடங்களில், மரத்தடியில் வட்டங்களுக்குப் பதிலாக ஒளி வளையங்கள் விழுந்ததற்குக் காரணம் இதுவே. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரபு அறிஞர் இப்னு அல் ஹைதம், கிரகணச் சூரியனின் பிறை வடிவம் சிறிய துளையில் தெரிவதையும் பெரிய துளையில் மறைந்துவிடுவதையும் ஆராய்ந்தார்.

இதன் அடிப்படை எளியது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது. இருட்டான பெட்டியின் முன்புறம் ஊசித்துளை இட்டால், எதிரேயுள்ள தென்னையின் உச்சியிலிருந்து வரும் கதிர் பின்சுவரின் கீழ்ப்பகுதியிலும், அடிமரத்திலிருந்து வரும் கதிர் மேற்பகுதியிலும் விழும். எனவே பிம்பம் தலைகீழாக அமைகிறது. வில்லை இல்லாததால் தொலைவுக்கேற்பச் சரிசெய்யும் வேலையும் இல்லை.

துளை எவ்வளவு சிறிதாக இருக்கலாம்?

துளை சிறுக்கச் சிறுக்கப் படம் தெளிவாகும் என்று தோன்றும். ஓரளவு வரை அது உண்மை. தொலைவிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் துளையின் அகலத்துக்கு ஒரு பொட்டாகப் பதிகிறது. துளை 1.5 மி.மீ. என்றால் பொட்டும் 1.5 மி.மீ.; படம் மங்கிவிடும்.

அப்படியானால் துளையைச் சுருக்கிக்கொண்டே போகலாமா? கூடாது. ஒளி அலையாகவும் இயங்குகிறது. குறுகிய துளையைக் கடக்கும்போது அது விளிம்பில் வளைந்து பரவுகிறது. இதையே விளிம்பு விளைவு என்கிறோம். ஒளியின் அலைநீளத்தைப் பெட்டியின் ஆழத்தால் பெருக்கி, துளையின் விட்டத்தால் வகுத்து, 2.44-ஆல் பெருக்கினால் பரவலின் அகலம் கிடைக்கும்.

ஆழம் 100 மி.மீ., பச்சை ஒளியின் அலைநீளம் 0.00055 மி.மீ. எனக் கொள்வோம். 0.2 மி.மீ. துளையில் ஒளி சுமார் 0.7 மி.மீ. அகலத்துக்குப் பரவிவிடும். 0.4 மி.மீ. துளையிலோ பரவல் சுமார் 0.34 மி.மீ. தான். துளையின் அகலமும் பரவலும் ஏறக்குறைய சமமாகும் இந்த இடமே ஏற்ற அளவு. ஊசித்துளைப் படங்களின் இந்தச் சிக்கலை ஆங்கிலேய விஞ்ஞானி ராலே பிரபு ஆராய்ந்து 1891-இல் கட்டுரை வெளியிட்டார். ஆழம் நான்கு மடங்கானால் துளை இரு மடங்காக வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

10 செ.மீ. ஆழமுள்ள மூடியுடன் கூடிய தகர டப்பாவின் உட்புறம் கறுப்பு வண்ணம் பூசுங்கள். அடிப்பாகத்தின் நடுவில் 1 செ.மீ. ஓட்டை போடுங்கள். குளிர்பானக் குவளையின் மெல்லிய அலுமினியத் தகட்டில் மெல்லிய ஊசியின் நுனியை மட்டும் அழுத்தித் துளையிட்டு, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, ஓட்டையின் மீது ஒட்டுங்கள். கறுப்பு நாடாவால் துளையை மூடுங்கள். இருட்டறையில், மங்கிய சிவப்பு விளக்கில், கறுப்பு-வெள்ளைப் போட்டோத் தாளை மூடியின் உட்புறம் பொருத்தி மூடி, விளிம்பைச் சுற்றியும் நாடா ஒட்டுங்கள்.

நல்ல வெயிலில் டப்பாவை அசையாமல் வைத்து நாடாவை எடுங்கள். 0.4 மி.மீ. துளைக்கு 40 வினாடி முதல் ஒரு நிமிடம் வரை தேவைப்படலாம். பிறகு இருட்டறையில் டெவலப்பர், தண்ணீர், ஹைப்போ என முறையே தாளை நனைத்துக் கழுவினால் வெளிச்சமும் இருளும் இடம் மாறிய நெகடிவ் கிடைக்கும். வீதியில் நடந்து சென்றவர்கள் அதில் இருக்கமாட்டார்கள்; ஓரிடத்தில் நில்லாததால் அவர்கள் பதிவதில்லை.

வில்லை பழுதான பழைய ரோல் பிலிம் காமிரா இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். 120 அளவு பிலிம் இன்றும் தயாராகிறது. வில்லையைக் கழற்றித் துளைத்தகட்டை ஒட்டி, மூடுதிரையைத் திறந்தே வைக்கும் 'பி' நிலையில் வையுங்கள். 100 வேகப் பிலிமுக்கு வெயிலில் 2 அல்லது 3 வினாடி போதும். முதுகிலுள்ள சிவப்புச் சன்னலைக் கறுப்பு நாடாவால் மறையுங்கள்; எண் பார்க்கும் நேரத்தில் மட்டும் நிழலில் திறவுங்கள். இக்கால பிலிம்களில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியையும் உணர்பவை.

ஓர் எச்சரிக்கை: துளை வழியே சூரியனை ஒருபோதும் கண்ணால் பார்க்காதீர்கள். பிம்பம் விழும் பரப்பை மட்டும் பாருங்கள்.

1.5, 0.4, 0.2 மி.மீ. என மூன்று துளைகளில் ஒரே காட்சியைப் படமெடுங்கள். 0.4 மி.மீ. துளையோடு ஒப்பிட, பெரிய துளைக்குப் பதினான்கில் ஒரு பங்கு நேரமும் சிறிய துளைக்கு நான்கு மடங்கு நேரமும் வேண்டும். மூன்றையும் அருகருகே வைத்தால், நடுத்துளையின் படமே தெளிவாக இருப்பதைக் காண்பீர்கள். முதற்படம் மங்கியது ஒளி நேராகச் செல்வதால். மூன்றாவது மங்கியது ஒளி வளைவதால். பாடநூலில் தனித்தனி அத்தியாயங்களில் வரும் இரண்டு உண்மைகளையும் ஒரு தகர டப்பா ஒரே நாளில் மெய்ப்பித்துவிடுகிறது.