கடலில் கொட்டிய அட்டைக்குக் கோடி கோடியாகப் பணம்!

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறிய அட்டை. அதில் ஒரு விளையாட்டு வீரரின் வண்ணப்படம்.

2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் அந்த அட்டையை ஏலம் விட்டார்கள். 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு அது விலைபோயிற்று! அன்றைய கணக்கில் நம் பணத்துக்கு ஏறத்தாழ 100 கோடி ரூபாய்.

படத்தில் இருப்பவர் மிக்கி மேண்டில். "நியூயார்க் யாங்கீஸ்" என்ற பேஸ்பால் குழுவில் ஆடிப் பேர் பெற்றவர். பேஸ்பால் என்பது பந்தை மட்டையால் அடித்துவிட்டு ஓடும் ஆட்டம். அமெரிக்கர்களுக்கு அதில் அப்படி ஒரு மோகம்.

மிட்டாயுடன் வந்த படம்

இந்த அட்டை பிறந்தது 1952-ம் ஆண்டில். "டாப்ஸ்" என்ற கம்பெனி, சவைக்கும் மிட்டாயுடன் பேஸ்பால் வீரர்களின் படங்களை வைத்து விற்றது. கம்பெனி ஊழியர் சை பெர்கர், தம் வீட்டுச் சமையல் அறை மேஜையில் உட்கார்ந்து அந்த அட்டைகளை உருவாக்கினார். மொத்தம் 407 அட்டைகள்.

பையன்கள் மிட்டாயைச் சவைத்துத் துப்பினார்கள். படத்தைப் பத்திரப்படுத்தினார்கள்.

எதற்காக? விலைக்காக அல்ல. தனக்குப் பிடித்த வீரர் தன் சட்டைப்பைக்குள் இருக்கிறார் என்ற பெருமை ஒருவனுக்கு. 407-ல் இன்னும் நாலே நாலுதான் பாக்கி என்ற தவிப்பு இன்னொருவனுக்கு. இரண்டு இருந்தால் ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் மாற்றிக்கொள்ளலாம். பேச்சு வளரும், சிநேகம் வளரும். சில சமயம் சண்டையும் வளரும்! வேறு சிலர் அட்டையைச் சைக்கிள் சக்கரத்தில் சொருகிப் "பட பட" என்று ஓசை எழுப்பினார்கள். மேண்டில் படம் எத்தனை அப்படிக் கிழிந்து போனதோ!

பிள்ளைகள் வளர்ந்தார்கள். தாய்மார்கள் வீட்டைச் சுத்தம் செய்தார்கள். அட்டைகள் குப்பைக்குப் போயின.

கம்பெனியிலும் அதே கதைதான். 1952-ல் கடைசியாக வந்த அட்டைகள் - மேண்டில் படமும் அவற்றில் ஒன்று - சரியாக விற்கவில்லை. மலிவாகக் கொடுத்தும் எடுக்க ஆள் இல்லை. கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. 1960-ல் பெர்கர் அவற்றைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார்!

அம்மா எறிந்ததைத் தேடி

அன்றைய பையன்கள் நாற்பது வயதை எட்டினார்கள். கையில் காசு புழங்கியது. அம்மா எறிந்த அட்டை நினைவுக்கு வந்தது. தேடினால் கிடைக்கவில்லை. விலை ஏறத் தொடங்கியது.

விலை ஏறியதும் வியாபாரிகள் வந்தார்கள். 100 கோடி ரூபாய்க்குப் போன அந்த மேண்டில் அட்டையை விற்றவர், 1991-ல் 50 ஆயிரம் டாலருக்குத்தான் வாங்கியிருந்தார்.

இதைக் கண்டு பலருக்கு ஆசை பிறந்தது. 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமலே அடுக்கி வைத்தார்கள். பிள்ளையின் படிப்புக்கு ஆகும் என்று நம்பியவர்களும் உண்டு. கம்பெனிகளும் கோடிக்கணக்கில் அச்சடித்துத் தள்ளின. எல்லாரும் வாங்கினார்கள், எல்லாரும் பத்திரப்படுத்தினார்கள். பிறகு விலை எப்படி ஏறும்? அந்தக் கால அட்டைகளில் பெரும்பாலானவை இன்று வாங்கிய காசுக்குக்கூடப் போவதில்லை.

சம்பளக்கார பர்டிக்

பணத்தை நினைக்காமல் சேர்த்த ஒருவரும் இருந்தார். அவர் பெயர் ஜெபர்சன் பர்டிக். சிரகூஸ் நகரில் மின்சாரச் சாமான்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாதநோய் அவருடைய கைகால்களை முடக்கி வந்தது.

பேஸ்பாலில் அவருக்குப் பெரிய பித்து கிடையாது. அச்சிட்ட சின்னப் படம் எதுவானாலும் சேர்த்தார். மக்கள் எறிந்துவிடும் இந்தக் காகிதங்களில்தான் அவர்களுடைய வாழ்க்கை இருக்கிறது என்பது அவர் எண்ணம். எல்லாவற்றையும் இனம் பிரித்துப் பட்டியலும் வெளியிட்டார். அவர் வைத்த எழுத்தையும் எண்ணையும் சொல்லித்தான் பழைய அட்டைகளை இன்றும் வாங்குகிறார்கள், விற்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் ஒரே ஓர் அட்டைக்கு 50 டாலர் என்று போட்டிருந்தார். அது ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் படம். 1909-ல் தொடங்கி சிகரெட் பெட்டிகளில் வந்த வரிசையைச் சேர்ந்தது. தம் படத்தைப் போடக்கூடாது என்று வாக்னர் தடுத்துவிட்டார். சிறுவர்கள் சிகரெட் வாங்கிக் கெட்டுப்போவார்களே என்று தடுத்தார் என்பது ஒரு பேச்சு. பணம் தரவில்லை என்ற கோபம் என்பது இன்னொரு பேச்சு. எப்படியோ, சில அட்டைகளே வெளிவந்தன. 2022-ல் ஒன்று 72½ லட்சம் டாலருக்கு விற்றது.

பர்டிக் தம் அட்டைகளை விற்கவில்லை. 1947 முதல் நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்துக்குக் கொடுக்கத் தொடங்கினார். கொடுத்தது மூன்று லட்சத்துக்கும் மேல்! அவற்றில் பேஸ்பால் அட்டைகள் மட்டும் சுமார் 30 ஆயிரம். இத்தனையையும் ஆல்பங்களில் ஒட்டுவது யார்? அவரேதான். வேலையை விட்டுவிட்டு நியூயார்க்கில் குடியேறினார். மடங்காத விரல்களால், வலியைப் பொறுத்துக்கொண்டு ஒட்டினார்.

1963-ம் ஆண்டு ஜனவரி 10-ந்தேதி கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இரண்டு மாதத்தில் காலமானார்.

அவர் ஒட்டிய அட்டைகள் இன்றும் அந்தக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. வாக்னர் படமும் அவற்றில் ஒன்று.