கூரையும் மனையும்

மதுரையை அடுத்த எந்தக் கிராமத்திற்குள் நுழைந்தாலும் மூவகை வீடுகளைக் காண்கிறோம். நடுத்தெருவில் திண்ணையும் முற்றமும் கொண்ட ஓட்டு வீடுகள். ஊரின் ஓரத்தில் மண் சுவரும் கீற்றுக் கூரையுமாகக் குடிசைகள். சாலையை ஒட்டிப் புதிய கான்கிரீட் வீடுகள். வீட்டைப் பார்த்தே குடும்பத்தின் வருவாயைக் கணிப்பது நம் வழக்கம். அது முழுவதும் சரியன்று. மனையின் விலையும் வீட்டின் உருவத்தை நிர்ணயிக்கிறது.

நகரத்தைப் பாருங்கள். மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் மனை கிடைப்பது அரிது. ஆகவே வீடுகள் முகப்பில் குறுகி, உள்ளே நீண்டு, மாடிகளாக உயர்கின்றன. நெசவாளர் இல்லங்களில் தறியும் அடுப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பஞ்சாலைத் தொழிலாளர்க்கெனத் திருப்பரங்குன்றத்தின் அருகே ஹார்விபட்டி எழுந்தது. அந்த வாய்ப்புக் கிட்டாதோர் ஒற்றை அறை வாடகைக்கும், கால்வாய் ஓரங்களுக்கும் சென்றனர். நகரத்து ஏழைக்கு உறுதியான கூரை இருக்கலாம், முற்றம் இராது. கிராமத்து ஏழைக்கு ஆடு கட்ட இடமுண்டு. ஐப்பசி மழையைத் தாங்கும் கூரைதான் இல்லை.

குடிசை செலவற்ற வீடு என்று பலர் எண்ணுகின்றனர். கீற்று ஓரிரு ஆண்டுகளில் மக்கிவிடும். கீற்று, மூங்கில், கயிறு, ஆள்கூலி என மீண்டும் மீண்டும் செலவு வருகிறது; அத்தொகையோ பெரும்பாலும் கடன். அடுப்புப் பொறி ஒன்று பறந்தால் வீட்டோடு விதைநெல்லும் போய்விடும்.

குடிசைகளை அகற்ற அரசு பல திட்டங்களை நடத்தியுள்ளது. 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் வீட்டின் பரப்பு 300 சதுர அடி. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் பரப்பு 360 சதுர அடி, உதவித்தொகை ரூ.3.50 லட்சம். இதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் போட வேண்டும்.

ஆயினும் தொகை இருந்தும் வீடு எழாத இடங்களை நாங்கள் கண்டிருக்கிறோம். காரணம் பட்டா. குடிசை நிற்கும் மனை மறைந்த பாட்டனார் பெயரிலேயே இருக்கும். அல்லது நீர்நிலைப் புறம்போக்காக இருக்கும். முன்னதை வாரிசுச் சான்று பெற்று மாற்றிவிடலாம். பின்னதற்கு வேறு மனை தேடித்தான் ஆக வேண்டும். இதில் குறுக்குவழி கிடையாது. பஞ்சாயத்து உறுப்பினர்கள் கிராம சபை கூடும்வரை காத்திராமல், தத்தம் வார்டில் கீற்றுக் கூரையின் கீழ் வாழ்வோரின் பட்டாவை இப்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் சரிபார்த்து வைப்பார்களாக. விதவைகளும் முதியோரும் தாமாக மனு எழுதி வரமாட்டார்கள். அவர்கள் வீட்டுக்கு நாம்தான் முதலில் செல்ல வேண்டும்.