அவரைப் பந்தலும் ஆட்ட வகுப்பும்

சென்ற ஆண்டு, ஞாயிறுதோறும் சிறுவர் சிறுமியருக்கு ஒரு வகுப்பு நடத்துவதாக நாம் ஒப்புக்கொண்டோம். விளையாடக் கற்பிக்கும் வகுப்பன்று. விளையாட்டையே புதிதாக அமைக்கக் கற்பிக்கும் வகுப்பு. கம்ப்யூட்டரில் ஓடும் ஆட்டமானாலும் காகிதத்தில் கட்டம் போட்டு ஆடுவதானாலும் ஆரம்பப் பாடம் ஒன்றேதான் என்பதால், காகிதத்திலேயே தொடங்கினோம்.

நம் வீட்டு மாடியில் ஓர் அவரைப் பந்தல் உண்டு. காலையில் அதற்குத் தண்ணீர் விட்டு, இலைகளைப் புரட்டிப் பார்ப்பதுதான் நமக்குள்ள ஒரே பொழுதுபோக்கு. வகுப்பு ஆரம்பமானதும் அந்த நேரமெல்லாம் பாடம் தயாரிப்பதிலே போயிற்று. பிறருக்காகச் சொந்த சுகத்தைத் தியாகம் செய்கிறோம் என்று சற்றே பெருமையும் கொண்டோம். பந்தல் வாடிற்று. அதோடு நின்றதா? வகுப்பும் வாடிற்று!

பரமபதத்தில் தாயக்கட்டை விழுந்தபடி காய் நகர்கிறது. ஆடுகிறவர் யோசிக்க வேண்டியது ஒன்றுமில்லை. ஆடு புலி ஆட்டத்திலோ 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டப் பார்க்கும். ஆடுகள் புலியை அடைக்கப் பார்க்கும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் யோசனை வேண்டும். இந்த வித்தியாசத்தை விளக்கப் பத்துப் பக்கம் எழுதிக்கொண்டுபோய், ஒரு மணி நேரம் உபந்நியாசம் செய்தோம். பிள்ளைகள் கொட்டாவி விட்டனர். முடிவில் ஒரு சிறுமி எழுந்து, "சார், நீங்கள் கடைசியாக எப்போது விளையாடினீர்கள்?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

இவ்வித்தையில் பேர்பெற்றவர்களை நினைத்துப் பார்த்தோம். ஜப்பானில் சதோஷி தஜிரி சிறு வயதில் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் மோகம் கொண்டவர். அந்த மோகமே 1996-ல் போக்கிமான் ஆட்டமாயிற்று. ஷிகெரு மியாமோட்டோ தோட்ட வேலையில் ஈடுபட்டார். அதிலிருந்து 2001-ல் பிக்மின் பிறந்தது. அவர்கள் தங்கள் பொழுதுபோக்கைத் துறந்திருந்தால் அந்த ஆட்டங்கள் ஏது?

மறுநாள் காலை மாடிக்குப் போனோம். எஞ்சியிருந்த அவரைக் கொடியில் அசுவினிப் பூச்சிகள் மொய்த்திருந்தன. அவை கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காத்தன. அசுவினியைத் தின்பதற்குப் பொறிவண்டு வந்து கொண்டிருந்தது. ஆடு புலி ஆட்டமேதான், மேய்ப்பனும் சேர்ந்து!

அடுத்த ஞாயிறு உபந்நியாசம் இல்லை. கண்டதை ஐந்தே நிமிஷத்தில் சொல்லி, காகிதமும் புளியங்கொட்டையும் கொடுத்தோம். ஒரு குழுவின் ஆட்டத்தில் பொறிவண்டே எப்போதும் ஜயித்தது. எறும்புகளைக் கூட்டினார்கள், பொறிவண்டு ஒருமுறையும் ஜயிக்கவில்லை. பத்துப் பக்கத்தில் நாம் சொல்ல முயன்றதை, விதியை மாற்றி மாற்றி ஆடி அவர்களே கண்டுகொண்டார்கள்.

இப்போது காலை முக்கால் மணி பந்தலுக்கு. சனிக்கிழமை மாலை இரண்டு மணி பாடத்துக்கு. குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் கிடையாது. பந்தலில் மெய்மறந்து வகுப்புக்குத் தாமதமாகப் போன நாளும் உண்டு. ஆகையால் கடிகாரத்தை மாடிக்கே கொண்டுபோய்விட்டோம்.

ஒரே ஒரு சங்கடம். அசுவினிக்கு மருந்து அடிக்கக்கூடாதென்று மாணவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், நம் வீட்டில் அவரைக்காய்ப் பொரியலுக்குக் கொஞ்சம் பஞ்சம்தான்!