உங்களுக்குத் தெரியுமா? லே நகரின் குளிர்ந்த வெயில்

சோலார் பலகைக்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு அல்ல! வழக்கமான சிலிக்கான் பலகை 25 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறினால், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். கோடையில் மொட்டை மாடிப் பலகை 60 டிகிரியைத் தொட்டால், ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு போச்சு.

லடாக்கின் லே நகரத்துக்கு இந்தக் கவலை குறைவு. சுமார் 3,500 மீட்டர் உயரம், மெல்லிய காற்று, அபூர்வமாக வரும் மழை. வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்றோ சில்லென்று இருக்கும். பலகைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அங்கே விளையும் மின்சாரத்தை வாங்கத்தான் பக்கத்தில் ஆளில்லை. லேக்குத் தெற்கே, மணாலி சாலையிலுள்ள பாங் என்ற இடத்தில் திட்டமிடப்பட்ட 13 கிகாவாட் பசுமை மின்சாரம், இமயத்தைத் தாண்டி ஹரியானாவின் கைத்தல்வரை போக வேண்டும். அந்த மின்தடத்துக்கு மத்திய அமைச்சரவை 2023இல் ஒப்புதல் தந்தது.