வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்

ஐஸ்லாந்துத் தலைநகர் றெய்க்யவிக்கில் மக்கள் முன்னர் கப்பலில் வந்த நிலக்கரியை எரித்தே குளிர்காய்ந்தனர். புகை நகரை மூடியது. அருகிலோ, எமது கன்னியாவைப் போன்று, வெந்நீர் ஊற்றுக்கள் இருந்தன. பெண்கள் அங்கு உடுப்புத் தோய்த்தனர். 1930இல் அந்நீரைச் சுமார் 3 கிலோமீற்றர் தூரம் குழாய்வழி கொண்டுவந்து, பாடசாலை, வைத்தியசாலை, ஏறக்குறைய 60 வீடுகள் ஆகியவற்றைச் சூடாக்கினர்.

எடைக்கு எடை, காற்றைவிட நான்கு மடங்கு வெப்பத்தை நீர் ஏந்திச் செல்லும். அறையிலுள்ள இரும்புக் கலத்தினூடாக அது ஓடுகையில் வெப்பம் அறையெங்கும் பரவுகிறது. வீட்டினுள் நெருப்பில்லை, புகையில்லை, சாம்பலுமில்லை.

இன்று அந்நாட்டில் பத்தில் ஒன்பது வீடுகள் நிலத்தடி வெப்பத்தாலேயே சூடேறுகின்றன. வீட்டுக்கு வீடு வாங்கிய நிலக்கரி தராத சுகத்தைப் பொதுவில் இட்ட குழாய் தந்தது என்பதை நாம் மனங்கொள்வோம்.