இணையவழிச் சதுரங்கமும் பயில்வோன் ஏற்றமும்

சதுரங்கத்தைத் தொழிலாகக் கொள்ளாது, கல்வியோ உத்தியோகமோ முடிந்தபின் கணினியின் முன்னமர்ந்து, முகமறியா எதிரியோடு ஆடுவோர் இன்று பல நாடுகளிலும் பல்கியுள்ளனர். பிரெஞ்சு நாட்டவரான தீபோ டுப்லெசி 2010ஆம் ஆண்டில் தொடக்கிய லிச்செஸ் முதலிய தளங்களில் எதிரியைத் தேடி அலையவேண்டியதில்லை. ஏறக்குறைய ஒத்த வலிமையுடைய ஒருவர் சில விநாடிகளில் வாய்த்துவிடுகிறார். அங்ஙனம் ஆடும் பயில்வோனின் ஆட்டமுறையும் ஏற்றமும் ஆராயத்தக்கன.

புதிதாக ஆடத் தொடங்குவோனுக்கு அரசியின்மீது அளவிறந்த நம்பிக்கை. வெள்ளைக் காய்களோடு ஆடுங்கால், அரசன் முன்னுள்ள காலாளை நகர்த்தி, அமைச்சரையும் அரசியையும் வெளிக்கொணர்ந்து, எதிரியின் அரசன் ஒருவனாலேயே காக்கப்படும் காலாளை நான்காம் நகர்த்தலில் வெட்டி ஆட்டத்தை முடித்துவிட எண்ணுகிறான். எதிரி உணராதவிடத்து இச்சூழ்ச்சி பலிக்கும். உணர்ந்தவனோ சிறு காலாளொன்றை ஒரு கட்டம் முன்தள்ளி அரசியைத் துரத்துகிறான். அரசி பின்வாங்கி மீண்டும் அச்சுறுத்தினால், குதிரையைக் கொணர்ந்து வழியை அடைக்கிறான். இப்போது வெள்ளையின் அரசி தன் குதிரைக்குரிய நல்லிடத்தில் தானே நிற்கிறது. கறுப்பின் காய்களோ ஒவ்வொன்றாகக் களம் புகுந்துவிட்டன. இது பலமுறை நேர்ந்தபின்னரே, குதிரைகளையும் அமைச்சர்களையும் முதலில் வெளிக்கொணர்ந்து, கோட்டை கட்டி அரசனைக் காக்கும் பொறுமை அவனுக்கு வருகிறது.

இந்நிலையிலுள்ளோர் நுண்ணிய திட்டத்தால் வெல்வதும் தோற்பதும் அரிது. காவலற்ற காயொன்றை எதிரி வெட்டிச்செல்வதும், குதிரையொன்று அரசனையும் அரசியையும் ஒருங்கே தாக்குவதுமே பெரும்பாலும் ஆட்டத்தை முடிக்கின்றன. ஆகவே, எதிரி இப்போது எதனைத் தாக்குகிறான் என்று வினவிய பின்னரே காயைத் தொடும் வழக்கம், தொடக்க நகர்த்தல்களைப் பட்டியல் பட்டியலாக மனனஞ்செய்வதினும் பெரும்பயன் தருவது. ஒருவருக்கு மூன்று நிமிடமே அளிக்கப்படும் ஆட்டத்தில் இவ்வினாவுக்கு இடமேது? அங்கே பழைய பழக்கமே, நல்லதாயினும் தீயதாயினும், கையை நடத்துகிறது.

ஏற்றத்தைக் காட்டுவதாகக் கருதப்படுவது தரப்புள்ளி. ஹங்கேரியிற் பிறந்து அமெரிக்காவிற் பௌதிகம் கற்பித்த ஆர்ப்பாட் எலோ வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கச் சங்கம் 1960இலும், உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970இலும் ஏற்றன. அம்முறைப்படி 200 புள்ளி கூடியவர், எதிரியோடு ஆடும் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 76 வெற்றிகளுக்குரிய பலனை ஈட்டுவாரென எதிர்பார்க்கப்படும். லிச்செஸில் வழங்குவது மாக் கிளிக்மன் பின்னர் வகுத்த முறை. அங்கே புதியவருக்கு அளிக்கப்படும் 1500 என்னும் எண் வெறும் ஊகமே. ஆதலால் முதற்சில ஆட்டங்களில் அவ்வெண் பெரிதும் ஏறியிறங்கும். 1500இலிருந்து 1200க்கு இறங்கியவன் திறமை குன்றியவனல்லன். அவனது உண்மையிடம் அப்போதுதான் புலப்படத் தொடங்கியது. மேலும், அவ்வெண் அத்தளத்தில் ஆடுவோரிடையுள்ள ஒப்பீடேயன்றி வேறன்று. பிறிதொரு தளத்து 1500க்கு அது ஈடாகாது. இதனை உணராது, இழந்த புள்ளிகளை அன்றிரவே மீட்பேனென நள்ளிரவு கடந்தும் ஆடி, களைப்பினால் மேலும் இழந்து, மறுநாட் பாடத்தையும் இழக்கும் மாணவன் இரங்கத்தக்கவன்.

உண்மையான வளர்ச்சி வேறிடத்தில் நிகழ்கிறது. டச்சு உளவியலறிஞரான டி குரூட் 1946இல் வெளியிட்ட ஆய்வில், பெருவல்லுநர் ஏனைய நல்லாட்டக்காரரினும் மிக நெடுந்தூரம் கணித்துப் பார்ப்பவரல்லர் எனக் கண்டார். ஆயின் சில விநாடிகளே காட்டப்பட்ட ஆட்டநிலையைப் பெரும்பாலும் பிழையின்றி மீள அமைக்க அவர்களால் இயன்றது. 1973இல் சேஸ், சைமன் என்னும் இருவர் காய்களை ஒழுங்கின்றிப் பரப்பிக் காட்டியபோது அம்மேம்பாடு ஏறக்குறைய மறைந்தது. வல்லுநர் நினைவிற் கொள்வன தனிக்காய்களல்ல, பொருளுடைய தொகுதிகள் என்பது இதனாற் பெறப்படும். விரைந்து ஆடுவதால் மட்டும் அவை சேர்வதில்லை; முடிந்த ஆட்டத்தை அமைதியாக மீளப் பார்த்தலும் வேண்டும். ஸ்ரொக்ஃபிஷ் என்னும் கணினிநிரல் பிழையான நகர்த்தலை நொடியிற் காட்டும். அது ஏன் பிழை என்பதை எடுத்துரைக்காது. ஆதலின், அந்நிரலை நாடுமுன் தோல்விக்குரிய நகர்த்தலைத் தானே தேடி, காரணத்தோடு குறித்துவைத்தல் நன்று. இருபது ஆட்டங்கள் கழிந்தபின் அக்குறிப்பேட்டைப் புரட்டுவோன், ஒரே பிழை வெவ்வேறு சொற்களில் எழுதப்பட்டிருக்கக் காண்பதுண்டு.